சார் வீட்டு மேஜர்

கொஞ்சம் அந்தப் பக்கமா நகர்ந்து உட்காருங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வெள்ளை வேட்டி கட்டியிருக்கீங்க. என் பேண்ட்டைப் பாருங்க, பூரா நாய் முடி. துவைச்சாலும் போகாது. எந்த நாயோட முடின்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. ரெண்டு நாய் சார். சென்னையில ஒண்ணு, திருச்சியில ஒண்ணு. ரெண்டுமே என்னுது இல்ல.

நீங்களும் திருச்சி வரைக்குமா? நல்லதாப் போச்சு. எனக்கு பஸ்ஸுல தூக்கம் வராது. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைச்சா அதிர்ஷ்டம். உங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லுங்க, நிறுத்திக்கறேன்.

என் பேரு தில்லைநாயகம். கவர்மெண்ட் வேலைதான். எந்த டிபார்ட்மெண்ட்னு கேட்காதீங்க, அப்புறம் ஏதாவது மனுவை எடுத்து நீட்டுவீங்க. சும்மா தமாஷுக்குச் சொன்னேன்.

எங்க சார் பேரு அறிவுடைநம்பி. ஆபீசர்னா அவர்தான் சார் ஆபீசர். போன வருஷம் வரைக்கும் திருச்சியில எங்க மண்டல ஆபீசுக்கே தலைவர். அவர் ரூமுக்குள்ள போறப்ப நான் செருப்பை வெளியிலதான் விட்டுட்டுப் போவேன். யாரும் விடச் சொல்லல. எனக்கா தோணும். கூட இருக்கறவன் எல்லாம் சிரிப்பான். சிரிக்கட்டும். சிரிச்சவன் எல்லாம் இன்னும் அதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கான். நான் சென்னை வரைக்கும் வந்துட்டேன். அது எப்படின்னுதான் சொல்ல வர்றேன்.

சாரோட பொண்ணுக்குக் கனடாவுல பிரசவம். சாரும் வீட்டு அம்மாவும் ரெண்டு மாசம் அங்க போறதா ஏற்பாடு. வீட்டுல ஒரு நாய். லாப்ரடார், சந்தனக் கலரு. மேஜர்னு பேரு. ‘அதை எங்க விட்டுட்டுப் போறதுன்னுதான்யா தெரியல’ன்னு சார் மீட்டிங்ல சொன்னாரு. மாசாந்திர மீட்டிங்ல சார்! அத்தனை பேரும் ஃபைலைப் பார்க்கறான். ஒருத்தன் மேல ஓடற ஃபேனைப் பார்க்கறான். நான் எழுந்து நின்னேன். ‘எங்க வீடு இருக்கு சார்’னேன்.

சார் என்னைப் பார்த்தாரு. அவர் எங்க ஆபீசுக்கு வந்ததுலேர்ந்து என் முகத்தை நேராப் பார்த்தது அன்னிக்குத்தான். ‘உன் பேரு என்னய்யா?’ன்னாரு. பேரைக் கேட்டாரு சார்! அன்னிக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடே இறங்கல.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டம்மா பூங்கோதை. வீட்டு முன்ரூம்ல மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கறா. எங்க காட்டூர் பக்கம் அவ கை ஜாக்கெட்டுன்னா தனிப் பேரு. நாய்னா அவளுக்கு ஆகாது. சின்ன வயசுல கெண்டைக்கால்ல கடிச்சது, தழும்பு இன்னும் இருக்கு. மெஷினை நிறுத்திட்டுக் கேட்டா, ‘நம்ம பையனுக்கு அம்மை போட்டிருந்தப்ப ரெண்டு நாள் லீவு கேட்டீங்களே, உங்க சார் குடுத்தாரா?’ன்னு.

பாருங்க சார். அம்மை போட்ட பையன் இப்ப ஓசூர்ல வேலைக்குப் போறான். இவ இன்னும் அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கா. அது இயர் எண்டிங் டைம்னு எத்தனை தடவைதான் சொல்றது? ‘அதுவும் இதுவும் ஒண்ணா?’ன்னேன். ‘இல்ல, அவன் வெறும் பையன்தானே’ன்னு சொல்லிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டா. சில சமயம் அவ பேசறது எனக்குப் புரியறதில்ல.

சார் கிளம்பற அன்னிக்கு டிரைவர் நாயைக் கொண்டு வந்து விட்டான். கூடவே ஒரு சங்கிலி, ஒரு சாப்பாட்டுத் தட்டு. இறங்கினதும் மேஜர் நேரா வந்து மெஷினுக்கு அடியில படுத்துடுச்சு. வச்ச சோத்தை மோந்துகூடப் பார்க்கல. எனக்கு அப்பவே புரிஞ்சுடுச்சு, சாரோட பிரிவைத் தாங்கல. எனக்கே ஒரு மாதிரிதான் இருந்தது, வாயில்லாத ஜீவன் என்ன பண்ணும்?

மறுநாள் காலையில பூங்கோதை கூப்பிடறா. தூரத்துல நின்னுக்கிட்டு, அளவெடுக்கற குச்சியால நாயோட காதைத் தூக்கிப் பிடிச்சிருக்கா. ‘இங்க வந்து பாருங்க.’ போய்ப் பார்த்தா உள்ளே கொத்துக் கொத்தா உண்ணி. ‘நம்ம வீட்டுல ஏறியிருக்கும்’னேன். ‘நேத்து வந்த நாய்க்கு, சுண்டக்காய் பருமன்ல, நம்ம வீட்டு உண்ணியா?’ன்னா. சார் வீட்டுல உண்ணி இருக்கும்னு எப்படி சார் ஒத்துக்க முடியும்? அவர் வீட்டு வாசல்ல புல்லைக்கூட ஆள் வச்சு வெட்டறாங்க. நான்தானே ஆள் அனுப்பறேன்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், நான் சார் வீட்டுத் தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன், இவ போன் பண்றா. ‘மூக்குலேர்ந்து ரத்தம் வருது, நான் ஆட்டோவுல ஏத்திட்டேன், நீங்க மாட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.’ நாய்னா பயப்படறவ, அவ்வளவு பெரிய உருப்படியை எப்படித் தூக்கினான்னு நான் யோசிக்கல சார். சாருக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் யோசிச்சேன். அந்தக் குரோட்டன்ஸுக்கு வேற தண்ணி பாதிதான் ஊத்தியிருந்தேன்.

அங்க போனா, இவ சிமெண்ட் தரையில உட்கார்ந்திருக்கா. மடியில மேஜர் தலை. யாரோ தைக்கக் குடுத்த துணி மாதிரி இருந்தது, அதால மூக்கைத் துடைச்சு விட்டுக்கிட்டு இருக்கா. டாக்டரம்மா சின்ன வயசு. ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, ‘உண்ணிக் காய்ச்சல். ரொம்ப நாளா உள்ளே இருந்திருக்கு. ரத்த அணு எல்லாம் இறங்கிப் போச்சு, பிழைக்கறது கஷ்டம்தான், முயற்சி பண்ணலாம்’னாங்க.

நான் மரியாதையாத்தான் கேட்டேன் சார். ‘மேடம், சார் ஊர்லேர்ந்து வர்ற வரைக்கும் தாங்குமா? அது வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடிச்சுட்டீங்கன்னா போதும். அதுக்கப்புறம் கடவுள் விட்ட வழி’ன்னேன்.

அந்தம்மா பேனாவைக் கீழே வச்சுட்டு என்னையே பார்த்தாங்க. ‘நீங்க இந்த நாய்க்கு யாரு?’ன்னாங்க.

‘நான் சூப்பிரண்டு’ன்னேன்.

என்ன சார் சிரிக்கறீங்க? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

அன்னிக்கு ஆரம்பிச்சது. கால்ல முடியை மழிச்சு, ஊசியைக் குத்தி, பிளாஸ்திரி ஒட்டி, ‘வீட்டுலயே டிரிப்ஸ் ஏத்துங்க, நான் சொல்லித் தர்றேன்’னு டாக்டரம்மா பூங்கோதைக்குச் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கும்தான் சொன்னாங்க, நான் அப்ப போன்ல இருந்தேன். முன்ரூம்ல தைச்ச ஜாக்கெட்டை மாட்டி வைக்கற கொக்கி இருக்கும். அதுல பாட்டிலைத் தொங்க விட்டா. சொட்டு சரியா விழுதான்னு பார்த்துக்கிட்டே, பக்கத்துல உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைப்பா. நாய் தலை அவ பாதத்து மேல இருக்கும்.

ஆட்டு ஈரலை வேக வச்சு, அம்மியில வழுவழுன்னு அரைச்சு, கஞ்சித் தண்ணியில கரைச்சு, ஊசியில்லாத சிரிஞ்சால கன்னத்தோரமா கொஞ்சம் கொஞ்சமா விடணும். அவசரப்பட்டா புரை ஏறிடும். வயித்துல ஏதாவது இறங்கினப்புறம்தான் மாத்திரை. ஒரே பக்கமாப் படுத்தா புண்ணு வரும்னு அப்பப்ப புரட்டி விடணும். எழுந்திருக்க முடியாம இருந்த இடத்துலயே போயிடும், துடைச்சுட்டு விரிப்பை மாத்தணும். எங்க வீட்டுல ஜாக்கெட் வெட்டின மிச்சத் துணிக்குப் பஞ்சமா? கலர் கலரா ஒட்டுப் போட்டு ஒரு மெத்தை விரிப்பே தைச்சுட்டா.

இப்படி நாங்க ராவும் பகலும் பார்த்துக்கிட்டோம் சார். நாங்கன்னா, இவ அந்தக் கைவேலையெல்லாம் பண்ணுவா. நான் மேற்பார்வை. காலையில ஆபீஸ் கிளம்பறப்ப வாசப்படியில நின்னு ‘மேஜர்!’னு கூப்பிடுவேன். சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை. நமக்கு இவ்வளவு பேர் இருக்காங்கன்னு அதுக்கு ஒரு தைரியம் வரணுமில்ல? அதோட விடல. எங்க ஆபீஸ் ஆண்டு விழாவுல சார் பேசறப்ப எடுத்த போட்டோ ஒண்ணு ஃபிரேம் போட்டு வச்சிருந்தேன். அதுல நானும் இருக்கேன், ஓரமா, தண்ணி கிளாஸ் பிடிச்சுக்கிட்டு. அதை நாய் படுத்திருக்கற இடத்துக்கு எதிர்ல வச்சேன், சார் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா குணமாகும்னு. மறுநாள் பார்த்தா போட்டோ சுவர்ப் பக்கம் திரும்பி நிக்குது. திருப்பி வச்சேன். அடுத்த நாளும் திரும்பியிருக்கு. எங்க வீட்டுல ஜன்னல் காத்து ஜாஸ்தி.

ஒரு நாள் மனசு கேட்காம இவகிட்ட சொன்னேன். ‘இவ்வளவு பாடுபடறோம், என்னைப் பார்த்து ஒரு தடவைகூட வாலை ஆட்ட மாட்டேங்குதே’ன்னு. அவ சிரிஞ்சைக் கழுவிக்கிட்டே, ‘வீட்டுல ஒருத்தர் ஆட்டினா போதும்னு நினைச்சிருக்கும்’னா. காய்ச்சல்ல கிடக்கற நாய் அவ்வளவு தூரம் யோசிக்குமா சார்? பொம்பளைங்க பேச்சு.

இதுக்கு நடுவுல சார் கனடாவுலேர்ந்து மெசேஜ் அனுப்பறாரு. ‘மை பாய் எப்படி இருக்கான்?’னு. நான் என்ன பண்ணுவேன்? நாய் வந்து இறங்கின அன்னிக்கு நாலஞ்சு போட்டோ எடுத்து வச்சிருந்தேன். அதை ஒண்ணொண்ணா அனுப்பினேன். திண்டுக்கல் பூட்டு மாதிரி இருக்கான் சார்னு எழுதினேன். போட்டோ தீர்ந்ததும் அதையே இடம் வலமாத் திருப்பி அனுப்பினேன். பொய்யின்னு சொல்லாதீங்க. ஒரு பெரிய மனுஷர், பேரன் பிறக்கற நேரத்துல, மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பண்ணினது. பூங்கோதைதான், ‘உள்ளதைச் சொல்லிடுங்க. அது அவங்க நாய். செத்துக்கித்துப் போச்சுன்னா அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?’ன்னா. அவளுக்கு ஆபீஸ் விவகாரம் தெரியாது. சார் அப்ப பிரமோஷன்ல சென்னைத் தலைமை ஆபீசுக்குப் போறதா பேச்சு. போறப்ப தனக்கு வேண்டியவங்களைக் கூடவே கூட்டிட்டுப் போவாரு. இந்த நேரத்துல போய் ‘உங்க நாய் மூக்குல ரத்தம் சார்’னு எழுத முடியுமா?

அப்பத்தான் சார் பெரிய இடி. ‘நாளைக்கு வீடியோ கால்ல வரேன், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மேஜரைப் பார்க்கணும்னு ஆசைப்படறாங்க’ன்னு மெசேஜ். இங்க மேஜரு, எலும்பும் தோலுமா, கால்ல ஊசியோட, ரோஸ், பச்சை, ஊதான்னு ஒட்டுத் துணியில படுத்திருக்கு.

எனக்கு சில சமயம் மூளை நல்லா வேலை செய்யும் சார். எங்க கடைத்தெருவுல அந்தோணின்னு ஒருத்தர் கறிக்கோழிக் கடை வச்சிருக்காரு. அவர்கிட்ட ஒரு லாப்ரடார். அதே சந்தனக் கலரு, அதே மூஞ்சி. என்ன, கோழிக் கழுத்தாத் தின்னு தின்னு கொழுகொழுன்னு இருக்கும். ஜிம்மின்னு பேரு. நேரா அவர்கிட்ட போய் நின்னேன். நல்ல மனுஷன். ‘ஒரு அஞ்சு நிமிஷந்தானே சார், வாங்க’ன்னாரு. கடைக்குப் பின்னால சுவரோரமா ஒரு பெட்ஷீட்டைக் கட்டி, கோழிக் கூண்டெல்லாம் தெரியாம மறைச்சோம். நான் போனைப் பிடிச்சுக்கிட்டேன். எனக்குப் பின்னால அந்தோணி ஒரு கோழிக் காலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு.

சார் வந்தாரு. ‘மேஜர்! மேஜர் கண்ணா!’ன்னாரு. ஜிம்மி நேரா கேமராவைப் பார்த்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு, இடுப்பே ஒடிஞ்சு போற மாதிரி வாலை ஆட்டுது. சார் அங்க இருக்கறவங்களைக் கூப்பிட்டுக் காட்டறாரு. ‘பாருங்க, ஏழு கடல் தாண்டி என் குரலைக் கேட்டதும் எப்படித் துடிக்கறான்! மனுஷங்ககிட்ட இருக்குமா இந்தப் பாசம்?’ன்னு. அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு சார். நிஜமாவே. ஒரு ஆபீசருக்கு ஒரு நாய் மேல இவ்வளவு அன்பான்னு.

‘பார்த்துக்கறய்யா தில்லை, நல்லாப் பார்த்துக்கற’ன்னாரு. தில்லைன்னு கூப்பிட்டாரு.

வீட்டுக்கு வந்து பூங்கோதைகிட்ட சொன்னேன். சந்தோஷப்படுவான்னு பார்த்தேன். அவ நாயோட கீழ் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்துக்கிட்டு இருந்தா. டாக்டரம்மா தினம் பார்க்கச் சொல்லியிருந்தாங்க, ரத்தம் ஊறுதான்னு தெரியும். முன்னாடியெல்லாம் கேட்டா ‘வெள்ளை லைனிங்’னு சொல்லுவா. அன்னிக்கு, ‘ரோஸ் லைனிங்குங்க! வெளுத்த ரோஸுதான், ஆனா ரோஸு!’ன்னா. நான் சொன்ன எதுவும் அவ காதுல விழல.

அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் தேறிச்சு. சிரிஞ்சு போய் உள்ளங்கையில வச்சு நக்க ஆரம்பிச்சுது. ஒரு நாள் நான் சவரம் பண்ணிக்கிட்டு இருக்கேன், பின்னாலேர்ந்து இவ கத்தறா. ஓடிப் போய்ப் பார்த்தா, நாலு காலும் நடுங்க நடுங்க அதுவா நடந்து போயி, முருங்கை மரத்தடியில ஒண்ணுக்குப் போகுது. இவ கொல்லைக் கதவைப் பிடிச்சுக்கிட்டு அழறா. பக்கத்து வீட்டுக்காரங்க என்னவோ ஏதோன்னு வந்துட்டாங்க. நாய் மூத்திரம் போனதுக்கு அழற பொம்பளையை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா? எங்க கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் அவ அழுது பார்த்ததில்ல. அழற மாதிரி நான் வச்சுக்கிட்டதில்லன்னு வச்சுக்குங்களேன்.

கல்யாண சீசன் சார் அது. ஜாக்கெட் குடுத்தவங்க எல்லாம் வந்து சண்டை. ‘வேற எடத்துல தைச்சுக்குங்க’ன்னு துணியைத் திருப்பிக் குடுத்துட்டா. நான் முன்னாடியே சொன்னேன், ‘ரொம்ப ஒட்டிக்காதே, அது சார் சொத்து, நாம சும்மா பாதுகாப்புல வச்சிருக்கோம்’னு. கேட்டாத்தானே. சங்கிலியைக் கழட்டி எங்கயோ போட்டுட்டா. இவ சமையக்கட்டுக்குப் போனா அது சமையக்கட்டு, இவ மாடிக்குப் போனா அது மாடிப்படியில பாதியில உட்கார்ந்து மூச்சு வாங்குது. இவளைப் பார்த்தா வாலு ஆடுது பாருங்க, மெஷின் ஊசி மாதிரி.

விக்கிரவாண்டி டோல்கேட்டா இது? பரவாயில்லையே, சீக்கிரம் வந்துட்டான். மீதியைக் கேளுங்க.

சார் திரும்பி வந்தாரு. டிரைவரை அனுப்புவாருன்னு நினைச்சா, அவரே வந்துட்டாரு சார், என் வீட்டுக்கு! தெருவே வேடிக்கை பார்க்குது. அன்னிக்கு முன்னாடியே இவளுக்குச் சொல்லி வச்சிருந்தேன், நாயைக் குளிப்பாட்டு, சங்கிலியைப் போடுன்னு. எதுவும் பண்ணல. சார் உள்ளே வந்து நாற்காலியில உட்கார்ந்து, ‘எங்க நம்ம ஆளு?’ன்னாரு.

பூங்கோதை முன்னாடி வந்தா. அவ புடவைக் கொசுவத்துக்குப் பின்னாலேர்ந்து மேஜர் எட்டிப் பார்க்குது. விலா எலும்பு தெரியுது. கால்ல மழிச்ச இடத்துல இப்பத்தான் பூனை முடி மாதிரி முளைக்குது. காதுல திட்டுத் திட்டாச் சொட்டை.

சார் பார்த்தாரு. ‘இது என்னய்யா?’ன்னாரு.

‘மேஜருங்க’ன்னா பூங்கோதை.

‘விளையாடாதம்மா. எங்க மேஜர்?’

‘இதுதாங்க. உண்ணிக் காய்ச்சல்ல கிடந்துச்சு. பிழைக்காதுன்னுதான் டாக்டர் சொன்னாங்க. இப்பத்தான் எழுந்து நடக்குது.’

சார் குனிஞ்சு ‘மேஜர்!’னு ஒரு தடவை கூப்பிட்டாரு. அது என்ன பண்ணிச்சு தெரியுமா? திரும்பி மெஷினுக்கு அடியில போய்ப் படுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் வச்சுக்கிச்சு. ஒரு நன்றி வேண்டாம்? சோறு போட்ட முதலாளி சார்!

சார் முகம் சிவந்து போச்சு. ‘என் நாயை எனக்குத் தெரியாதா? போன மாசம்தானே வீடியோவுல பார்த்தேன், எப்படி இருந்தான்! எங்கேர்ந்தோ ஒரு சொறி நாயைக் கொண்டு வந்து நிறுத்தி மேஜர்ங்கறீங்க. என் நாயை யார்கிட்டய்யா வித்தே?’ன்னாரு.

நீங்களே சொல்லுங்க, அந்த இடத்துல நான் என்ன பண்ண முடியும்? உண்மையைச் சொன்னா, அத்தனை போட்டோவும் பொய், வீடியோவும் பொய், அதைவிட, கோழிக் கடை நாயைப் பார்த்து ஒரு ஆபீசர் கண்கலங்கினாருன்னு ஆயிடும். அவரோட மரியாதை என்ன ஆகறது? அவருக்காகத்தான் சார் சொன்னேன். ‘மன்னிக்கணும் சார். இவ கொஞ்சம் வெகுளி. இது இவ தெருவுல எடுத்து வளர்க்கறது, எல்லாத்தையும் மேஜர்னுதான் கூப்பிடுவா. நம்ம மேஜரைக் குளிப்பாட்ட அனுப்பியிருக்கேன், சாயங்காலம் நானே வீட்டுல கொண்டு வந்து விட்டுடறேன் சார்’னேன்.

‘அதானே பார்த்தேன்’னு சார் சிரிச்சுட்டாரு. அவர் சிரிச்சப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

பூங்கோதை என்னைப் பார்த்தா. நான் பயந்துக்கிட்டே இருந்தேன், வாயைத் திறந்துடுவாளோன்னு. திறக்கல. குனிஞ்சு மெஷினுக்கு அடியிலேர்ந்து நாயைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, உள்ளே போயி கதவைச் சாத்திக்கிட்டா. சாருக்கு ஒரு வாய் காபிகூடக் குடுக்கல. ஆனா காரியத்தைக் கெடுக்கல, அதுக்கு அவளைப் பாராட்டணும்.

அந்தோணிகிட்ட ஓடினேன். முதல்ல முடியாதுன்னாரு. குட்டியிலேர்ந்து வளர்த்ததுன்னாரு. ‘அந்தோணி, நீங்க சுயநலமாப் பேசக் கூடாது. ஜிம்மியோட எதிர்காலத்தைப் பாருங்க. பெரிய ஆபீசர் வீடு, சென்னைக்குப் போகப் போறாங்க, ஏசி, காரு’ன்னேன். மனுஷன் யோசிச்சாரு. அதோட கழுத்தைத் தடவித் தடவி யோசிச்சாரு. ‘ஏசியெல்லாம் இருக்கும்ல சார்? இவனுக்கு வெயில் தாங்காது’ன்னாரு. ‘பின்னே?’ன்னேன். ஏசி இருக்கு சார், பொய் சொல்லல. சாருக்கு இருக்கு. ஜிம்மிக்கு மொட்டை மாடியில தகரம் போட்டுக் குடுத்திருக்காங்க.

இப்ப அது ஜிம்மி இல்ல, மேஜர். முதல்ல கொஞ்ச நாள் கூப்பிட்டா திரும்பாது. ‘கனடா போயிட்டு வந்ததுல என் மேல கோபம்யா இவனுக்கு’ன்னு சார் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவாரு. அப்புறம் பழகிடுச்சு. எல்லாரும் பழகிக்கறாங்க. பிரமோஷன் வந்ததும் சார் என்னையும் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. எனக்குத் தனி மேஜை, தனி போன். காலையில சார் வீட்டுக்குப் போயி, மேஜரை பீச்சு வரைக்கும் நடக்க விட்டு, குளிப்பாட்டி, உண்ணி பார்த்துட்டு, அப்புறம் ஆபீஸ். உண்ணி விஷயத்துல இப்ப நான் ரொம்ப உஷார். ஆபீசுல இதுக்கும் சிரிக்கறான். பொறாமை.

வீட்டம்மாவா? அதைத்தான் சார் யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. வர மாட்டேங்கறா. ‘மாத்திரை முடியட்டும்’னா. மாத்திரை முடிஞ்சுது. ‘ரத்தம் ஒரு தடவை பார்த்துடணும்’னா. பார்த்தாச்சு, எல்லாம் சரியாயிடுச்சு, நாய் இப்ப எருமைக் கன்னுக்குட்டி மாதிரி இருக்கு. ‘அப்ப கிளம்பு’ன்னேன். ‘அங்க ஒண்ணு இருக்குல்ல, அதை நீங்க பார்த்துக்குங்க. இங்க இருக்கறதை நான் பார்த்துக்கறேன்’னுட்டா. ரெண்டு நாயையும் சமமா ஒப்பிட்டுப் பேசறா பாருங்க, விவரம் இல்லாம. சின்னதா ஒரு போர்டுகூட மாட்டியிருக்கா வாசல்ல, ஜாக்கெட் கடைக்கு. மேஜர் டைலரிங்னு. சார் என்னிக்காவது அந்தப் பக்கம் வந்துட்டா என்ன ஆகறது?

அதனாலதான் சார் வாரா வாரம் இந்த பஸ். சனிக்கிழமை போவேன், ஞாயித்துக்கிழமை திரும்புவேன்.

போறேன்னு பேருதான். வாசல்ல போய் நிக்கறேன். என் பேருல கரண்ட் பில்லு வர்ற வீடு. கேட்டுல கை வச்சதும் உள்ளேர்ந்து குரைச்சுக்கிட்டு ஓடி வருது. தபால்காரர் வந்தா குரைக்காது சார். பால்காரன் வந்தா குரைக்காது. அந்தோணிகூட அப்பப்ப வந்து அதுக்கு எலும்பு போட்டுட்டுப் போறாராம், அவரைப் பார்த்தும் குரைக்காது. என்னைக் கண்டா மட்டும்தான். நானும் ‘ஏய், நான்தாண்டா’ங்கறேன். விடுமா?

சத்தம் கேட்டா பூங்கோதை வெளியில வந்து பார்க்கலாம்ல? வர மாட்டா. மெஷினை மிதிச்சுக்கிட்டே உள்ளேர்ந்து குரல் குடுக்கறா. என்கிட்ட இல்ல சார், அதுகிட்ட.

‘யாருடா அது? நமக்குத் தெரிஞ்சவங்களா பாரு’ன்னு.

அது என்னை நல்லாப் பார்த்துட்டு, மறுபடியும் குரைக்குது.